கருவிக் குறிப்பை எதில் வைத்து நிறுப்பது?

ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் கிளாட் மாடலுக்கு வலைத்தேடல் கருவியைக் கொடுத்த புதிதில் ஒரு வேடிக்கை நடந்தது. தேவையே இல்லாத இடங்களிலும் கிளாட் தேடுசொற்களோடு '2025' என்பதையும் ஒட்டிவிட்டுத் தேடிக்கொண்டிருந்தது. தேடல் முடிவுகள் அந்த ஓராண்டின் பக்கம் சாய்ந்தன. கருவியோடு வரும் சிறு குறிப்பைத் திருத்தி எழுதினார்கள், பழக்கம் போயிற்று. 2025 செப்டம்பரில் அந்நிறுவனப் பொறியாளர்கள் எழுதிய கட்டுரையில் போகிற போக்கில் வந்துபோகும் சம்பவம் இது. நின்று யோசிக்க வைப்பதும் இதுதான். கோளாறு தெரிந்த இடம் மாடல் அனுப்பிய தேடுசொற்கள். மருந்து போட்ட இடம் குறிப்பு. அப்படியானால் ஒரு குறிப்பு நல்லதா கெட்டதா என்பதை எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஏஐ ஏஜென்ட் என்று இப்போது எல்லோரும் சொல்லும் மென்பொருளுக்குள் ஒரு மொழி மாடல் இருக்கிறது. அது தானாக டிக்கெட் எடுக்காது, வங்கிக் கணக்கைப் பார்க்காது, கோப்பைத் திறக்காது. அதையெல்லாம் செய்யும் நிரல்கள் வெளியே இருக்கின்றன, அவைதான் கருவிகள். பொதுவாக ஒவ்வொரு கருவியைப் பற்றியும் மாடலுக்குத் தரப்படுவது மூன்றே: பெயர், சில வரிக் குறிப்பு, என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற பட்டியல். உள்ளே இருக்கும் நிரல் அதன் கண்ணில் படுவதில்லை. குறிப்பு புரியாவிட்டால் புரோகிராமர் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்பார், நிரலைத் திறந்து பார்ப்பார், திட்டிக்கொண்டே நாலு முறை ஓட்டிப் பார்ப்பார். மாடல் பல நேரங்களில் ஊகித்துவிடும். ஊகித்ததைத் தயங்காமல் செய்தும் விடும்.

2023 ஜூனில் ஓபன்ஏஐ தன் ஏபிஐயில், மாடல் இப்படிக் கருவிகளை அழைக்க உதவும் 'ஃபங்ஷன் காலிங்' வசதியைத் திறந்தபோது இது பெரிய தலைவலியாக இல்லை. குறிப்பை எழுதுபவரும் அதை வைத்து ஏஜென்ட் கட்டுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள், அல்லது ஒரே அலுவலகம். அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுள் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு வெளியானது. கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று மாதிரிகள் செய்துகாட்டாமல், அதன் ஆவணத்தை மட்டும் படிக்கக் கொடுத்தாலே மாடல் புதிய கருவிகளைக் கையாளும் என்று அது காட்டியது. நல்ல செய்திதான். ஆனால் பாரம் முழுவதும் அந்த ஆவணத்தின் தலையில் வந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

2024 நவம்பரில் கருவிகளை மாடல்களோடு இணைக்க எம்சிபி என்ற பொது நெறிமுறையை ஆந்த்ரோபிக் வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஓபன்ஏஐயும் கூகுளும் அதை ஏற்றுக்கொண்டன. இப்போது யார் வேண்டுமானாலும் ஒரு சர்வர் எழுதி, அதில் பத்துக் கருவிகளை வைத்து, ஊருக்கெல்லாம் திறந்துவிடலாம். எழுதுபவர் ஒருவர், படிக்கும் மாடல் எங்கோ, அதை ஏவும் மனிதர் இன்னோரிடத்தில். இந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

இப்படி எழுதிக் குவிக்கப்பட்ட குறிப்புகளின் தரம் எப்படி? 2026 தொடக்கத்தில் வந்த ஆய்வொன்று 103 எம்சிபி சர்வர்களிலிருந்து 856 கருவிகளை எடுத்து அலசியது. நிரலில் கெட்ட வாடை அடிக்கிறது என்று சொல்லும் வழக்கம் மென்பொருள் உலகில் பழையது. கென்ட் பெக் உருவாக்கிய அந்தச் சொல்லை மார்ட்டின் ஃபவுலரின் 1999-ஆம் ஆண்டுப் புத்தகம் பரப்பியது. அதே மூக்கை இந்த ஆய்வாளர்கள் குறிப்புகளின் பக்கம் திருப்பினார்கள். ஏதாவது ஒரு வாடையாவது அடித்தவை 97 விழுக்காடு. கருவி எதற்காக இருக்கிறது என்பதையே தெளிவாகச் சொல்லாதவை 56 விழுக்காடு.

நம்மிடம் இதற்கு மூக்கை விடப் பழைய கருவி ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டுப் பவணந்தியார் நன்னூல் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று பத்தைச் சொல்கிறார். எம்சிபி சர்வர்களைக் கண்டிருந்தால் அவர் பட்டியலில் அதிகம் மாற்றியிருக்க மாட்டார்.

குன்றக் கூறல் முதலாவது. ஆந்த்ரோபிக்கின் வழிகாட்டி ஆவணம் கெட்ட குறிப்புக்கு உதாரணமாகக் காட்டுவது பங்கு விலை சொல்லும் ஒரு கருவியை. அதன் குறிப்பு ஒற்றை வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. எந்தச் சந்தை, எந்த நாணயம், இப்போதைய விலையா நேற்றைய விலையா, ஒன்றுமில்லை. அதே கருவிக்கு அவர்கள் தரும் நல்ல குறிப்பு, அமெரிக்காவின் பெரிய சந்தைகளில் இருக்கும் நிறுவனங்களுக்கு மட்டும், விலை டாலரில், கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை, நிறுவனத்தைப் பற்றிய வேறெந்தத் தகவலும் இதில் வராது என்று எல்லை கட்டிவிடுகிறது. கடைசியில் வரும் அந்த 'வராது' மிக முக்கியம். அதை எழுதுபவர்கள் மிகக் குறைவு. 1971-இல் வந்த முதல் யுனிக்ஸ் கையேட்டிலேயே கட்டளைகளின் விளக்கத்தோடு 'பக்ஸ்' என்றொரு பகுதி உண்டு: இது இன்னின்ன இடத்தில் சரியாக வேலை செய்யாது என்று எழுதியவரே ஒப்புக்கொள்ளும் இடம். ஐம்பது ஆண்டு கழித்து அந்த நாகரிகத்தை மறுபடி கற்றுக்கொண்டிருக்கிறோம்.

மயங்க வைத்தல் இன்னும் நயவஞ்சகமானது. படிக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் தோன்றும். ரயில் தேடும் கருவி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். உள்ளீடுகள் மூன்று: புறப்படும் இடம், சேரும் இடம், தேதி. குறிப்பு: 'இரண்டு ஊர்களுக்கு இடையே ஓடும் ரயில்களைத் தேடித் தரும்.' குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் நிரல் எதிர்பார்ப்பது ஊர்ப் பெயரை அன்று, நிலையக் குறியீட்டை. சென்னையிலிருந்து மதுரைக்கு என்று ஒருவர் கேட்கிறார். மாடலுக்குச் சென்னை என்றதும் நினைவுக்கு வருவது சென்ட்ரலின் 'எம்ஏஎஸ்'. வைகையும் பாண்டியனும் வழக்கமாகக் கிளம்புவதோ எழும்பூரிலிருந்து; அதன் குறியீடு 'எம்எஸ்'. கருவி பிழை எதுவும் காட்டாது. சென்ட்ரலிலிருந்து போகும் ஒன்றிரண்டை மட்டும் தரும். ஏஜென்ட் அதைப் பயணியிடம் பணிவோடு சொல்லும். பயணியும் பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவார். எந்தப் பதிவேட்டிலும் இது தவறாக ஏறாது.

நிலையக் குறியீடு வேண்டும், சென்னைக்குப் பல நிலையங்கள் உண்டு, எல்லாவற்றிலும் தேடு என்று குறிப்பில் சேர்த்தால் சரியாகும். ஊர்ப் பெயரையே வாங்கிக்கொள்ளும்படி கருவியை மாற்றினால் இன்னும் சரியாகும். மோசமான குறிப்பு பல நேரம் மோசமான கருவியின் அறிகுறி. 2024-இல் பிரின்ஸ்டன் குழு உருவாக்கிய எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் இதைத்தான் முன்வைத்தது: மனிதருக்கென்று செய்த கட்டளைகளை அப்படியே தராமல், மாடலின் கைக்கு ஏற்பக் கருவியையே வடிவமைத்தால் நிரல் திருத்தும் வேலையில் வெற்றி கூடுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் ஆந்த்ரோபிக் சொன்ன அனுபவமும் இந்த ரகம். நிரல் திருத்தும் ஏஜென்ட், வேறொரு கோப்புறைக்குப் போன பிறகு கோப்பின் சார்பு முகவரியைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது. எப்போதும் முழு முகவரிதான் தர வேண்டும் என்று கருவியை மாற்றினார்கள், தவறு நின்றது. குறிப்புக்கு மதிப்பெண் போட உட்காருபவர் இந்த வாசலையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். சில குறிப்புகளுக்குச் சரியான மதிப்பீடு, 'இதைத் திருத்தாதே, கருவியைத் திருத்து' என்பதே.

மிகைபடக் கூறலில்தான் வழக்கு சூடு பிடிக்கிறது. ஒரு கருவிக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியமாவது எழுதுங்கள் என்கிறது மேலே சொன்ன வழிகாட்டி. 2024-இன் 'ஈஸிடூல்' ஆய்வு எதிர்த்திசையில் நடந்தது: கருவி ஆவணங்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத வடிவில், சொன்னதையே சொல்லி, அதே சமயம் வேண்டியதை விட்டுவிட்டு நீள்கின்றன, அவற்றைச் சுருக்கி ஒரே வார்ப்பில் ஊற்றினால் டோக்கன் (மாடல் படிக்கும் சொல்துண்டு) செலவு குறைகிறது, வேலையும் நன்றாக நடக்கிறது. இரண்டும் மோதுவதாகத் தோன்றும். உற்றுப் பார்த்தால் இருவரும் கேட்பது ஒன்றே: முடிவெடுக்க உதவும் சொல் இருக்கட்டும், மற்றது போகட்டும். எந்தச் சொல் முடிவெடுக்க உதவுகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் சிக்கல்.

நீளத்துக்கு விலையும் உண்டு. ஐந்து எம்சிபி சர்வர்கள், 58 கருவிகள். பயனர் ஒரு சொல் பேசுவதற்கு முன்பே இவற்றின் குறிப்புகளும் உள்ளீட்டு விவரங்களும் ஏறத்தாழ 55,000 டோக்கனை விழுங்கிவிடுகின்றன என்று ஆந்த்ரோபிக் 2025 நவம்பரில் ஒரு கணக்குக் காட்டியது. எல்லாவற்றையும் முன்கூட்டியே கொட்டாமல், வேண்டிய கருவியை மட்டும் தேடி எடுக்கும் முறை அதற்குப் பிறகு பிரபலமாயிற்று. கவனிக்க வேண்டிய பக்க விளைவு: இப்போது குறிப்பு இரண்டு தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. முதலில் தேடலில் அகப்பட வேண்டும். அகப்பட்ட பிறகு சரியாகப் பயன்பட வேண்டும். தேடலுக்கு உதவும் சொற்களும் பயன்பாட்டுக்கு உதவும் சொற்களும் ஒன்றாகவே இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அளப்பது எப்படி என்ற கேள்விக்கு இன்று கையில் இருக்கும் முதல் வழி, குறிப்பைப் படித்து மதிப்பெண் போடுவது. நோக்கம் சொல்லியிருக்கிறதா, எப்போது பயன்படுத்த வேண்டும் என்று இருக்கிறதா, வரம்புகள், உள்ளீட்டு விளக்கம், எடுத்துக்காட்டு என்று ஒரு பட்டியல். ஆயிரக்கணக்கில் மனிதர் படிக்க முடியாது என்பதால் இந்த வேலையையும் இன்னொரு மாடலிடமே கொடுக்கிறார்கள். மாடலை நீதிபதி ஆக்குவதன் கோணல்கள் 2023-லேயே பதிவானவை: நீளமான விடைக்குச் சாய்வது, முதலில் வந்ததற்குச் சாய்வது, தன் எழுத்தைப் போன்ற எழுத்துக்குச் சாய்வது. குறிப்பு மதிப்பீட்டில் இந்த முதல் கோணல் நேராகக் குழியில் தள்ளும். நீட்டி எழுதியது எல்லாம் நன்றாக எழுதியது ஆகிவிடும்.

856 கருவிகளை அலசிய அதே ஆய்வு இதற்கு எண்களோடு பதில் வைத்திருக்கிறது. வாடை அடித்த குறிப்புகளை எல்லா உறுப்புகளும் நிறைந்தவையாக மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். வேலை வெற்றிகரமாக முடியும் விகிதம் ஏறியது, ஆனால் இடைநிலை அளவில் ஆறு விழுக்காட்டுப் புள்ளிக்கும் சற்றுக் குறைவாகத்தான். அதே நேரம் ஏஜென்ட் எடுக்கும் படிகளின் எண்ணிக்கை சுமார் 67 விழுக்காடு கூடியது. ஆறில் ஒரு பங்கு நேர்வுகளில் நிலைமை முன்பைவிட மோசமாயிற்று. பட்டியலில் நூற்றுக்கு நூறு வாங்கும் குறிப்பு, களத்தில் சில இடங்களில் தோற்கிறது என்று பொருள். குறைகளைக் கண்டுபிடிக்கப் பட்டியல் போதும். நிறைவைச் சான்றளிக்க அது போதாது.

இரண்டாவது வழி, ஓட்டிப் பார்ப்பது. இதற்கென்று பெயர்பெற்ற தேர்வுகள் பல உண்டு. 2023-இல் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட குழு, ராப்பிட்ஏபிஐ சந்தையிலிருந்து 16,464 ஏபிஐகளைத் திரட்டி 'டூல்பெஞ்ச்' கட்டியது. பெர்க்லி பல்கலைக்கழகம் 2024-இல் தொடங்கிய ஃபங்ஷன் காலிங் தரவரிசையில், சரியான கருவியை அழைத்ததா, உள்ளீடுகள் சரியா என்பதோடு, பொருந்தும் கருவி எதுவும் இல்லாதபோது மாடல் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். அந்தக் கடைசிச் சோதனை அருமையானது. நல்ல குறிப்பு தன்னை அழைக்கக் கூடாத நேரத்தையும் சொல்லித் தரும்.

ஆனால் இந்தத் தேர்வுகளில் பெரும்பாலானவை நம் கேள்விக்கு நேரடி விடை தராது. அவை கருவிக் குறிப்புகளை அசையாமல் நிறுத்திவைத்து, மாடல்களை மாற்றி மாற்றி உட்கார வைக்கின்றன. அளக்கப்படுவது மாடல். குறிப்பை அளக்க வேண்டுமென்றால் மேசையைத் திருப்பிப் போட வேண்டும்: மாடல், வேலை, பக்கத்துக் கருவிகள் எல்லாம் அப்படியே இருக்க, குறிப்பின் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து, சேர்த்து, மாற்றிப் பார்க்க வேண்டும். மருந்துச் சோதனைக்கு நெருக்கமான வேலை இது. அந்த வகையில் கிடைத்த ஓர் எண்: சிக்கலான உள்ளீடுகள் கொண்ட கருவிகளுக்கு, அழைப்பு எப்படி இருக்கும் என்ற எடுத்துக்காட்டுகளைச் சேர்த்ததும் துல்லியம் 72-இலிருந்து 90 விழுக்காடு ஆனதாக ஆந்த்ரோபிக் தன் உள்சோதனையைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. கருவியை விற்பவரே எடுத்த அளவு என்பதையும் சேர்த்தே அதை வாசிக்க வேண்டும்.

ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு 'மேம்பட்டது' என்று எழுதுவதும் ஆபத்து. மாடல் ஒரே கேள்விக்கு இன்று ஒன்று செய்யும், நாளை வேறு செய்யும். சியரா நிறுவனத்தார் 2024 ஜூனில் வெளியிட்ட 'டாவ்-பெஞ்ச்' இதைக் கண்ணில் குத்திக் காட்டியது. விமான நிறுவனம், சில்லறைக் கடை ஆகிய இரண்டின் வாடிக்கையாளர் சேவையை நடித்துக் காட்டும் தேர்வு அது. ஒரு வேலையை எட்டு முறை கொடுத்து, எட்டிலும் சரியாகச் செய்தால்தான் வெற்றி என்று அளந்தபோது, அன்றைய ஜிபிடி-4ஓ சில்லறைப் பகுதியில் 25 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. குறிப்பை மதிப்பிடுபவருக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது: சராசரி வெற்றியைவிட, மறுபடி மறுபடி ஒரே மாதிரி நடக்க வைக்கிறதா என்பது பெரிய கேள்வி.

பக்கத்துக் கருவிகள் என்று மேலே சொன்னது தற்செயலாக விழுந்த சொல் அன்று. எந்தக் குறிப்பும் தனியாகப் படிக்கப்படுவதில்லை. 'தேடு' என்ற பெயரில் ஒரே ஒரு கருவி இருக்கும்வரை சிக்கலில்லை. மின்னஞ்சல் சர்வரிலிருந்து ஒரு 'தேடு', ஆவணச் சர்வரிலிருந்து ஒரு 'தேடு', வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து இன்னொரு 'தேடு' வந்து சேர்ந்ததும், நேற்றுவரை நன்றாக இருந்த மூன்று குறிப்புகளும் ஒரே நாளில் கெட்டவை ஆகிவிடுகின்றன. எழுத்து மாறவே இல்லை. தெருவுக்குக் குடிவந்தவர்கள் மாறிவிட்டார்கள். ஆசானா, ஜிரா என்று சேவையின் பெயரை முன்னால் ஒட்டி வேறுபடுத்தும் வழக்கம் இதனால் வந்தது. தனிக் குறிப்புக்குத் தனி மதிப்பெண் என்ற ஏற்பாடே இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது.

தெரு என்றதும் கடைத்தெரு நினைவுக்கு வரும். அங்கே கூவுபவர்களும் இருப்பார்கள். 2025 மே மாதம் வந்த ஓர் ஆய்வு, ஒரே வேலையைச் செய்யும் கருவிகளைப் போட்டிக்கு நிறுத்தி, ஒன்றின் குறிப்பில் மட்டும் வார்த்தைகளை மாற்றியது. கருவி மாறவில்லை. தக்கபடி மாற்றப்பட்ட குறிப்புள்ள கருவியை ஜிபிடி-4.1, க்வென் 2.5-இன் சிறிய மாடல் ஆகியவை மூலக் குறிப்புள்ளதைவிடப் பத்து மடங்குக்கு மேல் தேர்ந்தெடுத்தன. 'எத்தனை முறை அழைக்கப்பட்டது' என்பதைத் தரத்துக்கு அளவுகோலாக வைத்தால், முதல் பரிசு விளம்பர வாசகம் எழுதத் தெரிந்தவருக்குப் போகும். ஆகவே குறிப்பை நிரலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையும் வேண்டும்: சொன்னதைச் செய்கிறதா, செய்வதையெல்லாம் சொல்கிறதா.

சொல்லாமல் செய்வதற்கு ஏப்ரல் 2025-இல் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற ஏஐ பாதுகாப்பு நிறுவனம் காட்டிய உதாரணம் இன்றும் பேசப்படுகிறது. இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு சாதுவான கருவி. அதன் குறிப்புக்குள், பயனர் சாதாரணமாகப் பார்க்காத பகுதியில், மாடலுக்கு ஒரு கட்டளை: பயனரின் கணினியில் உள்ள ரகசியச் சாவிக் கோப்பைப் படி, அதன் உள்ளடக்கத்தைக் கூடுதல் உள்ளீடாக அனுப்பு, இதைப் பயனரிடம் சொல்லாதே. மாடல் கீழ்ப்படிந்தது. முதலில் நல்ல குறிப்பைக் காட்டி அனுமதி வாங்கிவிட்டு, பிறகு சத்தமில்லாமல் அதை மாற்றிவிடும் தந்திரத்தையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஒருமுறை சோதித்துச் சான்றிதழ் ஒட்டும் முறைக்கு அதோடு மரியாதை போயிற்று. 2025 மார்ச் எம்சிபி விதிகளில், இந்தக் கருவி படிக்க மட்டும் செய்யும், இது அழிக்கவும் கூடும் என்று அடையாளமிடும் வசதி வந்தது. நம்பகமான சர்வரிலிருந்து வந்தால் ஒழிய அந்த அடையாளத்தை நம்பாதே என்று அதே விதி பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை ஆங்கிலக் கேள்விகளை வைத்து நடப்பவை. தமிழில் பேசும் பயனர் நுழைந்ததும், ஆங்கிலத்தில் தேறிய குறிப்புகள் வேறு வகையில் தடுமாறக் கூடும். பெயர்ப் பதிவை எடுத்துக்கொள்ளலாம். 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு உள்ளீடு கேட்கும் கருவிக்கு, 'கே. செல்வி' என்ற பெயரில் எது கடைசிப் பெயர்? அந்த 'கே' தந்தையின் பெயருடைய முதலெழுத்து. குடும்பப் பெயர் அன்று. அப்படிப்பட்டவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று குறிப்பு ஒரு வரி சொல்லாவிட்டால், மாடல் இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் நிரப்பும். டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். குறிப்பைத் தமிழிலேயே எழுதிவிடலாமே என்றால், ஒரே பொருளைச் சொல்ல மொழிக்கு மொழி டோக்கன் செலவு பெரிதும் மாறும், சில மொழிகளில் 15 மடங்குவரை போகும் என்று 2023-இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது; தமிழும் அதிகம் செலவாகும் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆகவே தமிழ்ப் பயனர்களுக்கு ஏஜென்ட் கட்டுகிறவர்கள் குறிப்பை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டாலும் சோதனைக் கேள்விகளைத் தமிழில், அதுவும் பேச்சுத் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'வர்ற வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சரைக்கு' என்றால் கருவிக்கு எந்தத் தேதி, எந்த நேரம் போய்ச் சேர்கிறது? 'ஒண்ணேகால் லட்சம் அனுப்பு' என்றால், 'தொகை' என்று மட்டும் குறித்திருக்கும் உள்ளீட்டில் 125000 விழுகிறதா, 1,25,000 என்று காற்புள்ளியோடு விழுகிறதா, 1.25 என்று விழுகிறதா? இப்படி நாற்பது கேள்வி எழுதி, ஒவ்வொன்றையும் எட்டு முறை ஓட்டி, குறிப்பில் ஒரு வரி மாற்றி மறுபடி ஓட்ட ஒரு பிற்பகல் போதும். மாடலின் அடுத்த பதிப்பு வரும் அன்று அதே நாற்பதையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.